நிச்சய மோதிரத்தில் ஓவல் கல்: ஃபாஷன் எத்தனை நாளைக்கு?

மல்லாவியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வருகிற ஆவணியில் அவருடைய அண்ணாவுக்கு எழுத்து, அதாவது கலியாணப் பதிவு. அண்ணா ரொறன்ரோவில், பெண் புதுக்குடியிருப்பில். பெண்ணுக்கு ஓவல் வைரம் வைத்த வைட் கோல்ட் மோதிரத்தில் ஆசை. அம்மாவோ 22 கரட்டில் கனமாக ஒன்று எடுத்தால் போதும், கல்லுக்குக் காசைக் கொட்டாதே என்கிறார். "இந்த மோதிர ஃபாஷன் எத்தனை வருசத்துக்கு ஒருக்கா மாறுது அண்ணா? இப்ப ஓவல் எடுத்தால் பத்து வருசத்தில பழசாகிப் போகுமா?" இதுதான் கேள்வி.

ஓவல் பழசாகாது தங்கச்சி. அலுத்துப்போகக்கூடியவை வேறு இரண்டு: கல்லை உயரத்தில் தூக்கிக் கட்டுகிற விதமும், மேலே பூசியிருக்கிற வெள்ளை நிறமும். அது ஏன் என்று விளங்க, இந்த ஃபாஷன் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். "இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கினம்" என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. எங்கேயோ ஒரு சுரங்கம் திறக்கும், ஒரு சண்டை மூளும், தங்கம் விலை ஏறும். மோதிரத்தின் உருவம் மாறிவிடும். ரசனை அதற்குப் பின்னால்தான் வந்து சேர்கிறது.

ஐரோப்பாவில் நிச்சயத்துக்கு மோதிரம் போடுவது ரோமர் காலத்திலேயே இருந்தது. அன்றைக்கு அது வெறும் இரும்பு வளையம். வைர மோதிரம் என்றதும் எல்லாரும் சொல்லுகிற ஆண்டு 1477. ஒஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன், பேகண்டியின் மேரிக்குக் கொடுத்தது அது. ஆனால் அதற்குப் பிறகும் நூற்றாண்டுக்கணக்காக வைரம் அரண்மனைகளை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. வர, கல் எங்கே? 18ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் கிடைக்கும்வரை உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் இந்தியாதான். விக்டோரியா மகாராணிக்கே 1839இல் நிச்சயத்துக்கு அல்பேர்ட் போட்டது பாம்பு வடிவில் ஒரு தங்க மோதிரம், அதில் ஒரு மரகதம்.

1860களின் கடைசியில் தென்னாபிரிக்காவில் வைரம் அகப்பட்டது. கிம்பர்லியில் மலையே பள்ளமாகும் அளவுக்குத் தோண்டினார்கள். 1888இல் டி பியர்ஸ் நிறுவனம் உருவாகி, கல் சந்தைக்கு வரும் அளவைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. இதற்கு இரண்டு வருடம் முந்தி, 1886இல், நியூயோர்க்கின் டிஃபனி கடை ஆறு கால் வைத்த மோதிரத்தை விற்கத் தொடங்கியது. அதற்கு முன்னர் கல்லைப் பெரும்பாலும் உலோகக் கிண்ணத்துக்குள் பதிப்பார்கள். வெளிச்சம் மேலால் மட்டும்தான் போகும். டிஃபனியின் ஆறு கால்கள் கல்லை வளையத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தன. பக்கத்தாலும் அடியாலும் வெளிச்சம் புகுந்து கல் எரிந்தது. உங்கள் மச்சாள் ஆகப்போகிறவர் போனில் காட்டுகிற மோதிரம் இருக்கிறதே, அதன் எலும்புக்கூடு அந்த 1886ஆம் ஆண்டு மோதிரம்தான். கல்லின் உருவம் மட்டும் வட்டத்திலிருந்து நீள்வட்டமாகியிருக்கிறது.

20ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது பிளாட்டினம் மோகம் வந்தது. அதை உருக்க அதிக சூடு வேண்டும். ஒக்சிஅசிட்டிலீன் சுடர் பட்டறைக்கு வந்த பிறகுதான் அந்த உலோகத்தில் நூல்போல மெல்லிய வேலை செய்ய முடிந்தது. 1920களில் சதுரமும் கோடுமாக ஒரு பாணி. 1919இல் மார்செல் டொல்கோவ்ஸ்கி வட்ட வைரத்துக்கு எந்தக் கோணத்தில் பட்டை தீட்டினால் வெளிச்சம் நன்றாகத் திரும்பும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். வட்டக் கல் அதோடு ராஜாவானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு பிளாட்டினத்தைப் போருக்கென்று ஒதுக்கியது. நகைக்காரர்கள் வெள்ளைத் தங்கத்துக்கும் மஞ்சள் தங்கத்துக்கும் திரும்பினார்கள். அந்த வருடங்களில் கலியாணம் முடித்த பெண்கள் மஞ்சள் மோதிரம் போட்டது பிடித்தா பிடிக்காமலா என்று யாரும் கேட்கவில்லை.

1947இல் டி பியர்ஸுக்காக விளம்பர எழுத்தாளர் பிரான்சிஸ் ஜெரட்டி எழுதிய, வைரம் என்றென்றைக்கும் என்ற வாசகம் வந்தது. அது என்ன செய்தது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜப்பான். அங்கே நிச்சயத்துக்கு வைர மோதிரம் என்ற பழக்கமே கிடையாது. 1967இல் விளம்பரம் தொடங்கியபோது நிச்சயமான பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் வைர மோதிரம் கிடைத்தது. 1981இல் அது நூற்றுக்கு அறுபது. பதினாலு வருடத்தில் ஒரு சம்பிரதாயமே உண்டாகிவிட்டது. எங்கள் ஊரில் மோதிரம் மாற்றுவதைப் பார்த்து ‘இது எங்கட வழக்கமில்லை’ என்று முணுமுணுக்கிற பெரியவர்களுக்கு இதைச் சொல்லலாம். ஜப்பான்காரருக்கும் அது வழக்கமாக இருக்கவில்லை.

விரலைச் சுற்றிச் சின்னக் கற்கள் பதித்த எடர்னிட்டி மோதிரத்தின் கதையைக் கட்டாயம் சொல்லவேண்டும். 1950களில் சைபீரியாவில் சோவியத்காரருக்கு வைரம் கிடைத்தது. நிறையக் கிடைத்தது, ஆனால் பெரும்பாலும் பொடிக் கற்கள். அதை வாங்கி விற்க ஒப்புக்கொண்ட டி பியர்ஸ், அவ்வளவு பொடிக் கல்லை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கலியாணமாகிப் பல வருடமான மனைவிக்குக் கொடுங்கள் என்று ஒரு மோதிரத்தைப் பிரபலமாக்கினார்கள். அவுஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 1980களில் மண்ணிறக் கற்களை அள்ளிக் கொடுத்தபோதும் இதுதான் நடந்தது. யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மண்ணிறத்துக்கு ஷாம்பெயின், கொன்யாக் என்று பெயர் வைத்தார்கள், அது ஃபாஷனாகிவிட்டது.

1981இல் டயானாவுக்கு நிச்சயத்துக்குக் கிடைத்தது 12 கரட் எடையுள்ள ஓவல் நீலக்கல், சுற்றிவர 14 வைரம். அந்த நீலம் இலங்கை நீலம். 2010இல் அதே மோதிரத்தை அவருடைய மகன் வில்லியம், கேட் மிடில்டனுக்குப் போட்டார். உலகம் முழுக்க நீலக்கல் மோதிரத்துக்கு ஆள் கூடியது. ஆனால் இந்த நாட்டுக் கல்லை எங்கள் ஆட்கள் நிச்சயத்துக்குப் போடப் பயப்படுவார்கள். நீலம் சனியின் கல். சாதகம் பார்க்காமல் அதைத் தொடவே மாட்டோம். ஆக அந்த அலை இரத்தினபுரி, பேருவளை வியாபாரிகளுக்குக் காசானதே தவிர, கிளிநொச்சிக் கடைக் கண்ணாடிக்குள் வரவில்லை. உங்கள் அண்ணா நீலக்கல் என்று யோசித்தால், முதலில் இரண்டு வீட்டு அம்மாமாரிடமும் கேட்கச் சொல்லுங்கள். நான் சாத்திரம் நம்புகிற ஆளில்லை. ஆனால் பின்னால் யாருக்காவது ஒரு காய்ச்சல் வந்தால் மோதிரம்தான் குற்றவாளியாகும்.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருவோம். இங்கே கலியாணத் தங்கம் என்றால் தாலிக்கொடிதான். தாலிக்குப் பொன்னை உருக்குகிற பொன்னுருக்குச் சடங்குக்கு என்று தனி நாள், தனி முகூர்த்தம். மோதிரம் ஓரத்தில் நின்ற பொருள். பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவுவார்; அவருக்கு மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடுவார். மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் ஒன்று போடுவார்கள். மன்னார்க் கரையிலும் முல்லைத்தீவுக் கரையிலும் கத்தோலிக்கக் குடும்பங்களில் கோயிலில் மோதிரம் மந்திரித்துப் போடுவது நெடுங்காலமாக உண்டு. மற்றவர்களிடையே பெண்ணுக்கென்று ஒரு மோதிரம், அதுவும் நாலு பேர் கையைப் பிடித்துப் பார்க்கிற மோதிரம் என்பது, எழுத்தன்றைக்கு மோதிரம் மாற்றுவது பரவிய பிறகு வந்த கதை.

அந்தக் கால டிசைன் கொஞ்சம்தான்: நெளி மோதிரம், பெயரின் முதல் எழுத்து வெட்டிய மோதிரம், நடுவில் ஒரு சிவப்புக் கல் வைத்தது. வெள்ளைக் கல் என்றால் வைரம் என்று நினைக்காதீர்கள். மாத்தறைப் பக்கத்தில் எடுக்கிற நிறமில்லாத சிர்க்கோனுக்கு மாத்தறை வைரம் என்றே பெயர் இருந்தது. 1976 அளவில் தொழிற்சாலையில் செய்கிற கியூபிக் சிர்க்கோனியா விற்பனைக்கு வந்த பிறகு, கடைகளில் அதுவே அமெரிக்கன் டயமண்ட் ஆனது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த துபாய் டிசைன், சிங்கப்பூர் டிசைன் என்பவையும் இதற்குள் புகுந்தன.

பிறகு சண்டை. மற்ற ஊர்களில் ஃபாஷன் பாட்டியின் கையிலிருந்து அம்மாவின் கைக்கு, அங்கிருந்து மகளின் கைக்கு என்று நகர்ந்து வரும். பழைய மோதிரத்தை உருக்கிப் புதிது செய்வார்கள், அல்லது பழசையே மெருகேற்றிப் போடுவார்கள். வன்னியில் அந்தத் தொடர் அறுந்துபோனது. 1990இல் வீட்டுக்கு இரண்டு பவுண் புலிகள் வாங்கினார்கள். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் கையில் அகப்பட்டதோடு வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள். 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதி திறந்தபோது கொழும்புக் கடைகளின் டிசைன் உள்ளே வந்தது. 2006இல் பாதை மூடியது. 2009இல் ஒவ்வொரு இடப்பெயர்விலும் கொஞ்சம் கொஞ்சமாக நகை போனது. அரிசிக்குப் போனது, மாவுக்குப் போனது, தறப்பாளுக்கு அடியில் புதைத்துவிட்டு எடுக்காமலே போனது. மோதிரம் சின்னப் பொருள், அதுதான் முதலில் போகும். ஆகவே உங்கள் தலைமுறைக்கு ‘அம்மாவின் மோதிரம் மாதிரி’ என்று காட்ட ஒன்றும் இருப்பது குறைவு. போன் திரையில் வருவதுதான் மாதிரி. கனடா மாப்பிள்ளை, லண்டன் மாப்பிள்ளை கொண்டுவருகிற மோதிரம் ஒரு பக்கம், இந்திய விளம்பரம் மறுபக்கம். நாங்கள் படிப்படியாக வராமல் ஒரே பாய்ச்சலில் ஓவலில் வந்து நிற்கிறோம்.

அதோடு விலை. 2020 தொடக்கத்தில் ஒரு பவுண், அதாவது எட்டுக் கிராம், ஒரு லட்சத்துக்குக் குறைவு. 2022இல் ரூபாய் விழுந்தபோது மளமளவென்று ஏறியது, 2025இல் மூன்று லட்சத்தையும் தாண்டியது. இதன் அடையாளம் கடையிலேயே தெரியும். மோதிரங்கள் அகலமாக, எடுப்பாக இருக்கும். கையில் எடுத்தால் பாரமே இருக்காது. உள்ளே கோறையாக, தகடு மெல்லிதாகச் செய்கிறார்கள். பார்வைக்கு அரைப் பவுண், தராசில் கால் பவுண். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன், வாங்குகிறவரின் கைக்கு எட்டவேண்டுமே. ஆனால் கோறை மோதிரம் நசுங்கினால் நிமிர்த்துவது கஷ்டம், அளவு பெருப்பிப்பதும் கஷ்டம். நிச்சயத்துக்கு அதை மட்டும் எடுக்கவேண்டாம்.

இப்போது ஓவல் ஏன் வந்தது என்பதற்கு வருகிறேன். ஓவல் ஒரே எடையுள்ள வட்டக் கல்லைவிடப் பார்வைக்குப் பெரிதாகத் தெரியும், விரலையும் நீளமாகக் காட்டும். இது ஒரு காரணம். பெரிய காரணம் ஆய்வுகூட வைரம். 1950களிலேயே செயற்கை வைரம் செய்துவிட்டார்கள், ஆனால் நகைக்கு ஏற்ற பெரிய கற்கள் மலிவாக வரத் தொடங்கியது கடந்த பத்து வருடத்துக்குள்தான். 2018இல் டி பியர்ஸே லைட்பொக்ஸ் என்ற பெயரில் அதை விற்றது. விலை விழுந்துகொண்டே போக 2025இல் அந்தக் கடையை மூடப்போவதாக அறிவித்தது. இரண்டு கரட், மூன்று கரட் என்று சாதாரணச் சம்பளக்காரர் கையில் மின்னுவது இதனால்தான். இனி அடுத்ததையும் பாருங்கள்: பெரிய கல் எல்லார் கையிலும் வந்ததும், பணக்காரர்கள், கையால் பட்டை தீட்டிய பழங்காலக் கல்லைத் தேடிப் போகிறார்கள். 2025 ஓகஸ்டில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் காட்டிய மோதிரம் அந்த வகை. நெப்போலியன் 1796இல் ஜோசஃபினுக்குக் கொடுத்த மாதிரி இரண்டு கல் அருகருகே வைக்கிற மோதிரமும் திரும்பி வந்திருக்கிறது. இன்னும் சில வருடத்தில் அது முறிகண்டி தாண்டி எங்கள் பக்கமும் வரும்.

வட்டம், ஓவல், சதுரம் எல்லாம் இப்படிப் போய்ப் போய் வருகிற உருவங்கள். ஓவல் 1981இலும் இருந்தது, 2040இலும் இருக்கும். கல்லின் உருவத்தில் பெண்ணின் ஆசைக்கே விட்டுவிடுங்கள். நான் கைவைக்கச் சொல்வது மற்ற விசயங்களில்.

முதலாவது உயரம். இன்ஸ்டகிராம் மோதிரத்தில் கல் மிக உயரத்தில் நிற்கும். பெண் ஆடைத் தொழிற்சாலையில் வேலை என்றால் நூலிலும் துணியிலும் மாட்டும். வயல், தோட்டம், கிணறு என்று புழங்குகிற கை என்றாலும் அதே கதை. மாட்டி மாட்டி ஒரு கால் மெல்ல நிமிரும். வெளியே பார்த்தால் தெரியாது. காதோரம் வைத்து மோதிரத்தை விரலால் தட்டிப் பாருங்கள், கல் ஆடினால் மெல்லியதாய் ஒரு கிலுக்குச் சத்தம் கேட்கும். கேட்டால் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். இதைத் தவிர்க்க, கல்லைச் சுற்றி மெல்லிய தங்கத் தகடு அணைத்துக் கட்டச் சொல்லலாம், கல்லையும் தாழ்த்தி இருத்தலாம். பழைய காலத்துக் கட்டு முறைதான் இது. இப்போது வெளிநாட்டில் திரும்பவும் விரும்பப்படுகிறது. அம்மாவுக்கும் ஆறுதல், பெண்ணுக்கும் ஓவல்.

இரண்டாவது, உலோகம். அம்மா சொல்கிற 22 கரட்டில் 91.6 வீதம் தங்கம். நிறம் அழகு, ஆனால் மென்மை. மெல்லிய கால்களை அதில் வைத்தால் வளையும். அதனால்தான் வைரத்துக்கு 75 வீதத் தங்கமான 18 கரட்டை எடுக்கிறார்கள். வைட் கோல்ட் என்பது வெள்ளி நிறத்தில் ஊறின தங்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தங்கத்தோடு பலேடியமோ நிக்கலோ கலந்து, மேலே ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தைப் பூசுகிறார்கள். உள்ளங்கைப் பக்கம் அந்தப் பூச்சு தேய்ந்து மங்கல் மஞ்சள் எட்டிப்பார்க்கும். திரும்பப் பூசலாம், கிட்டிய கடையில் பூசித் தருவார்களா என்று வாங்கமுதல் கேளுங்கள். நிக்கல் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. என் அபிப்பிராயம், 18 கரட் மஞ்சள் தங்கத்திலேயே ஓவல் வைக்கலாம். எங்கள் கைநிறத்துக்கு அது எடுப்பாகவும் இருக்கும், தாலிக்கொடிக்குப் பக்கத்தில் அந்நியமாகவும் தெரியாது.

மூன்றாவது, அம்மா வாய்விட்டுச் சொல்லாதது. காலபோக விதைப்புக்கு உழவுக் காசும் விதைநெல்லும் வேண்டியபோது நகையை அடைவு வைத்து, மாசியில் வெட்டி விற்றபின் மீட்கிற ஊர் நாங்கள். அடைவில் கல்லுக்கு விலை கிடையாது. கல்லின் பாரத்தைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டும் பணம். அதிலும் 18 கரட்டுக்குக் குறைவாகத்தான் கொடுப்பார்கள். அம்மாவின் பயம் ஞாயமானது. ஆனால் ஒரே மோதிரத்தில் இரண்டையும் தேடினால் இரண்டும் அரைகுறையாகும். நிச்சய மோதிரத்தை ஆசைக்கு எடுத்து, அடைவுக்கு உதவுகிற தங்கத்தை வளையலாகவோ சங்கிலியாகவோ 22 கரட்டில் தனியாகப் போடுங்கள். ஆய்வுகூட வைரம் வாங்கினால் திரும்ப விற்கிற நினைப்பே வேண்டாம். அதற்குக் கொடுக்கிற காசு பார்த்து மகிழ்வதற்கான காசு. இயற்கை வைரம் என்று விற்றால் சான்றிதழ் இல்லாமல் வாங்கவேண்டாம். கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த இலக்கம் சான்றிதழில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்துக்காட்டச் சொல்லலாம். ஓவலில் நடுவில் வண்ணத்திப்பூச்சிச் சிறகுபோல ஒரு இருட்டு விழும். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, கறுப்பாகவே தெரிந்தால் வேறு கல் எடுங்கள். படத்தில் அது மறையும், ஆட்டிக்காட்டுகிற வீடியோவில் மறையாது. அண்ணாவை வீடியோ கேட்கச் சொல்லுங்கள்.

முழுவட்டமும் கல் பதித்த வளையம் வேண்டாம். அளவு மாற்ற, வளையத்தின் அடிப்பக்கத்தை வெட்டி, ஒரு துண்டுத் தங்கம் சேர்த்துப் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். அங்கே கல் இருந்தால் வெட்ட இடமே இல்லை. பிள்ளை பிறந்த பிறகு விரல் பருத்தால் மோதிரம் பெட்டிக்குள் போய்விடும்.

அளவு எடுப்பதில்தான் வெளிநாட்டு மோதிரம் அதிகம் பிழைக்கிறது. கனடாவில் அளவு இலக்கத்தில், லண்டனில் ஆங்கில எழுத்தில். நூல் சுற்றிப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், நூல் இழுபடும். பெண்ணுக்குச் சரியாக இருக்கிற ஒரு மோதிரத்தின் உள்விட்டத்தை நகைக்கடையில் மில்லிமீட்டரில் அளந்து அனுப்புங்கள். வெயில் ஏறிய பிறகு, பின்னேரம் போடவைத்துப் பாருங்கள்; காலையில் விரல் மெலிந்திருக்கும். விரல் மூட்டைத் தாண்டும்போது கொஞ்சம் இறுகவேண்டும், கழற்றும்போதும் கொஞ்சம் இறுகவேண்டும்.

ஆவணியில் எழுத்து என்றால் ஆனி முடியமுதல் கல்லையும் அளவையும் தீர்த்துவிடுங்கள். ஆடி பிறந்தால் அம்மா நகைக்கடைப் படி ஏறமாட்டார்.